அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடன்: தோல் பையா, மோட்டாரா?

வைகைக்கரையான் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மதுரைக்கு எழுந்தருளும்போது பக்தர்கள் அவர் மீது தண்ணீர் பீய்ச்சுவதைப் பற்றி இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன். 2024-ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு முன்னதாக, உயர் அழுத்த மோட்டார்களைக் கொண்டு சுவாமி மீது தண்ணீர் அடிக்கக் கூடாது, வேதிப்பொருள் கலந்த நீரைப் பயன்படுத்தக் கூடாது, மரபுப்படி தோல் பையில் நிரப்பிய தண்ணீரையே பீய்ச்ச வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அன்று முதல் இதைப் பற்றிய பேச்சு முழுவதும் தடை, கட்டுப்பாடு, காவல்துறை என்றே போய்க்கொண்டிருக்கிறது. நேர்த்திக்கடன் என்கிற வழிபாடு எப்படிப்பட்டது, அதில் தோல் பைக்கு என்ன இடம் என்பதைப் பேசுவோர் குறைவாக இருக்கிறார்கள்.

முறையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் பீய்ச்சுவதாக நேர்ந்துகொண்டவர், துளசி மாலை அணிந்து, விரதம் இருந்து, சல்லடம் என்ற அரைக்காற்சட்டையும் தலைப்பாகையும் கட்டி, அழகரின் கள்ளர் கோலத்தைத் தம் உடலில் ஏற்றுக்கொண்டு புறப்படுகிறார். முழு ஆட்டுத்தோலை வயிற்றுப் பக்கம் கிழிக்காமல் உரித்து, முடி நீக்கிப் பதப்படுத்தி, கால் பகுதிகளைக் கட்டி, ஒரு முனையில் சிறிய பித்தளைக் குழாயைப் பொருத்திய பை அவர் தோளில் தொங்கும். தோப்பறை என்று அதைச் சொல்வார்கள். பை நிறையத் தண்ணீர் ஏற்றியதும் அது கனத்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு கையால் பையை விலாவோடு சேர்த்து அழுத்த, மறு கை குழாயின் வாயைப் பிடித்துத் திருப்ப, நீர் மெல்லிய கம்பியாக எழும்பி, மேலே போனதும் உடைந்து தூறலாக விழும். சித்திரை வெயிலில் தூறல் எவ்வளவு இதமானது என்பது கூட்டத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். பை காலியானால் மறுபடியும் போய் நிரப்பிக்கொண்டு, மறுபடியும் கூட்டத்துக்குள் நுழைந்து வர வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த வழிபாட்டில் தண்ணீர் மட்டும் காணிக்கை ஆகாது. விரதம் இருந்த உடல், பையைச் சுமக்கும் தோள், அதை அழுத்துகிற கை ஆகியவையும் சேர்ந்துதான் காணிக்கை. பீய்ச்சுகிற வேகத்தையும் தூரத்தையும் ஒரு மனிதக் கையின் வலிமை அளந்து கொடுக்கிறது. விசைத்தெளிப்பானிலோ மோட்டாரிலோ அந்த அளவுகோல் போய்விடுகிறது. நேர்ந்துகொண்டவருக்கும் சுவாமிக்கும் நடுவே ஓர் இயந்திரம் வந்து நிற்கிறது. ஆகவே நீதிமன்ற உத்தரவை ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக மட்டும் பாராமல், வழிபாட்டின் உள்ளமைப்பைக் காப்பாற்றுகிற ஒன்றாகவே நான் பார்க்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள்.


செல்லூர் அன்பர் எழுதியது:

ஐயா, உங்கள் பக்தியை மதிக்கிறேன். ஆனாலும் இந்த வாதத்தை முழுமையாக ஏற்க முடியவில்லை.

முதலாவதாக, மோட்டார் ஏன் வந்தது என்பதை நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் தோளில் பையோடு வந்தவர் சுவாமியின் வாகனத்துக்கு மிக அருகில் வர முடிந்தது. இன்று இலட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். தடுப்புக் கட்டைகளும் காவலர்களும் முக்கியப் பிரமுகர்களுக்கான இடங்களும் நடுவே இருக்கின்றன. தொலைவில் நிறுத்தப்பட்டவர், தம் நீர் சுவாமியைச் சென்று சேர வேண்டும் என்ற ஏக்கத்தில் வலிமையான கருவியைத் தேடுகிறார். தூரத்தை உண்டாக்கியவர்களைக் கேட்காமல், தூரத்தைக் கடக்க முயன்றவரை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இரண்டாவதாக, தோல் பையின் விலை. கூலி வேலை பார்க்கிற ஒருவருக்கு, ஆண்டுக்கு ஒரு நாள் பயன்படுத்தும் பையை விலை கொடுத்து வாங்குவது எளிதன்று. பிளாஸ்டிக் பையிலும் சிறிய கைப் பம்பிலும் அவர் பீய்ச்சுகிறார். அவருடைய நேர்த்தி குறைந்ததா?

மூன்றாவதாக, பெருமாள் திருமேனியின் மீது ஆட்டுத்தோல் பையில் இருந்து வருகிற நீரைப் பீய்ச்சலாமா என்று கேட்கிற வைணவ அன்பர்களும் இருக்கிறார்கள். மரபு என்று சொல்லி அதை ஏற்றுக்கொள்கிறோம் என்றால், மரபு ஒருபோதும் மாறாமல் இருந்ததா என்ற கேள்வியும் உடன் எழுகிறது. மீனாட்சியம்மன் திருவிழாவும் அழகர் திருவிழாவும் ஒன்றாக இணைந்ததே திருமலை நாயக்கர் காலத்தில்தானே?


சோலைமலை அடியவன் எழுதியது:

அழகர்கோவிலில் கைங்கர்யம் செய்யும் குடும்பங்களோடு பழகி வருபவன் என்ற முறையில், சுவாமியின் பக்கமிருந்து சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

உற்சவரான சுந்தரராஜப் பெருமாளின் திருமேனி அபரஞ்சித் தங்கத்தால் ஆனது என்பது கோயில் மரபு. இந்தத் திருமேனிக்கு மலைமேல் இராக்காயி அம்மன் சந்நிதியில் சுரக்கும் நூபுர கங்கைத் தீர்த்தத்தால் மட்டுமே திருமஞ்சனம் செய்வார்கள். வேறு நீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது தொன்றுதொட்டு வருகிற நம்பிக்கை. ஐப்பசி வளர்பிறைத் துவாதசியில் பெருமாளே மலையேறிச் சென்று, தைலக்காப்பு சாத்திக்கொண்டு அந்தத் தீர்த்தத்தில் நீராடுகிறார். மதுரைக்கு எழுந்தருளும் நாட்களிலும் நூபுர கங்கைத் தீர்த்தம் உடன் கொண்டு வரப்படுகிறது. அவ்வளவு பேணிக் காக்கப்படும் திருமேனியின் மீது தெருக்குழாய் நீரையும், வாசனைப் பொருள் கலந்த நீரையும், நிறம் கலந்த நீரையும் மோட்டார் வைத்து அடிக்கிறார்கள் என்பதை நினைத்தாலே மனம் பதறுகிறது.

குதிரை வாகனத்தில் எழுந்தருளும் பெருமாள் அன்று எவற்றையெல்லாம் சூடியிருக்கிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை தல்லாகுளத்துக்கு வந்து, அங்கே பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் அவருக்குச் சாற்றப்படுகிறது. அந்த மாலையோடுதான் அவர் ஆற்றில் இறங்குகிறார். பட்டு எந்த நிறம் என்று நாடே பார்க்கிறது. பச்சைப் பட்டு என்றால் அந்த ஆண்டு மண் செழிக்கும் என்று உழவர்கள் மகிழ்கிறார்கள். மோட்டாரின் வேகத்துக்கு அந்த மாலை இதழ் இதழாக உதிர்ந்து போகிறது. உடன் நிற்கும் பட்டர்களின் கண்ணிலும் முகத்திலும் நீர் அடித்தால், அவர்கள் பெருமாளைப் பிடித்துக்கொள்வதா, தங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதா? ஈரமான மேடையில், சுவாமியைச் சுமந்து வரும் சீர்பாதம் தாங்குகிறவர்களுக்குக் கால் வழுக்கினால் என்ன ஆகும்?

தோல் பை குறித்து செல்லூர் அன்பர் கேட்டதற்கு ஒன்று சொல்கிறேன். அழகர் மலையை விட்டு இறங்கும்போது, திருமேனியைச் சிறை வைத்துக் காக்கும் அந்தணர்களின் பெருமாளாக மட்டும் இறங்குவதில்லை. கொண்டையும் கையில் வளைத்தடியும் சாட்டையுமாக, நாட்டு மக்களின் கோலத்தில் இறங்குகிறார். பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்றுக்கொண்டே புறப்படுகிறார். ஆடு மேய்த்தவரும் ஏர் பிடித்தவரும் தங்களிடம் உள்ளதைக் கொண்டு அவரை எதிர்கொள்ளும் நாட்கள் அவை. அந்தக் கோலத்தைப் பெருமாளே விரும்பி ஏற்றிருக்கும்போது, ஆட்டுத்தோலில் வரும் நீரைத் தீட்டு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

என்னுடைய வேண்டுதல் ஒன்றுதான்: நீரைத் திருமுகத்தை நோக்கிப் பீய்ச்ச வேண்டாம். வானத்தை நோக்கிப் பீய்ச்சினால் போதும். அது அவர் வரும் வழியில் தூறலாக விழட்டும்.


தெற்குமாசி வீதிப் பெண் எழுதியது:

இந்த விவாதத்தில் ஒரு பக்கம் பேசப்படாமல் இருக்கிறது. அழகருக்கு நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் தண்ணீர் பீய்ச்சுகிற ஆண்கள் மட்டும் இல்லை. திரி எடுத்து ஆடுகிறவர்கள், ஆற்றங்கரையில் முடி காணிக்கை செலுத்துகிறவர்கள், நீர்மோர்ப் பந்தலும் பானகப் பந்தலும் போடுகிறவர்கள், விசிறி கொண்டு வந்து வீசுகிறவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற பெண்கள் பெரும்பாலும் சர்க்கரைச் செம்பு ஏந்தி நிற்கிறோம்.

அதைச் செய்யும் விதம் எளியது. துலக்கிய பித்தளைச் செம்பில் கழுத்து வரை நாட்டுச் சர்க்கரை நிரப்பி, வாயை வாழை இலைத் துண்டால் மூடி, அதன் மேல் சூடத்தை வைத்துச் செம்பைச் சுற்றிப் பூச்சரம் கட்டுவோம். அழகர் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் சூடத்தை ஏற்றி, இரு கைகளாலும் செம்பைத் தலைக்கு மேல் தூக்கி அவருக்குக் காட்ட வேண்டும். செம்பு சுடத் தொடங்கும்; இலை கருகும் மணம் வரும்; கூட்டம் நெருக்கும். அந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்காகத்தான் இரவு முழுவதும் குழந்தைகளோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறோம். சூடம் அணைந்ததும் அந்தச் சர்க்கரையை முன்பின் தெரியாதவர்களுக்கும் ஒரு பிடி ஒரு பிடியாகக் கொடுத்துவிடுவோம்.

தோல் பையில் இருந்து வருகிற தூறல் எங்கள் சூடத்தை அணைப்பதில்லை. அப்படியே ஒரு துளி பட்டாலும் அது சுடர்விட்டு மறுபடியும் எரியும். மோட்டாரில் இருந்து வருகிற தாரை ஒரே வீச்சில் பத்துப் பதினைந்து பேரின் தீபத்தை அணைத்துவிடுகிறது. செம்புச் சர்க்கரை கரைந்து பாகாகிக் கையில் வழிகிறது. அந்தத் தாரையை அடித்தவர் தம் நேர்த்தியை நிறைவேற்றியதாக நினைத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு போய்விடுகிறார். எங்கள் நேர்த்தி அந்த ஆண்டு நிறைவேறாமலே வீடு திரும்புகிறது. ஒருவருடைய வழிபாடு மற்றவருடைய வழிபாட்டை அழிக்கலாமா என்பதுதான் என் கேள்வி. செல்லூர் அண்ணன் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022-ஆம் ஆண்டு ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் சிக்கி இருவர் இறந்தார்கள். கொரோனாவால் 2020-இலும் 2021-இலும் அழகர் மதுரைக்கு வராததால், அந்த ஆண்டு கூட்டம் பொங்கி வழிந்தது. தண்ணீர் பீய்ச்சியதால் அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு நெருக்கமான கூட்டத்தில், திடீரென்று ஒரு தாரை முகத்தில் அடித்தால் மக்கள் பின்வாங்குவார்கள்; பின்னால் நிற்கிற குழந்தையும் முதியவரும் என்ன ஆவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.


செல்லூர் அன்பர் எழுதியது:

சகோதரி, சூடம் அணைவதைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மற்றவரின் தீபத்தை அணைக்கிற எதுவும் வழிபாடு ஆகாது.

இருந்தாலும் வைகைக்கரையான் ஐயா சொன்ன 'அளவு' என்ற கருத்தில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. மிகுதியாகக் கொடுப்பது தவறு என்றால், இதே திருமாலிருஞ்சோலைப் பெருமாளுக்கு ஆண்டாள் நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா நிறைந்த அக்கார அடிசில் என்ற இனிப்புச் சோறும் நேர்ந்துகொண்டாளே, அதை என்னவென்று சொல்வது? ஒரு கைப்பிடி வெண்ணெய் போதும் என்று அவள் நினைக்கவில்லை. அன்பு பெருகும்போது அளவு உடைவது இயல்பு. அதை எளிய மக்கள் செய்தால் மட்டும் ஏன் கண்டிக்க வேண்டும்?


தேனூர்க்காரர் எழுதியது:

செல்லூர் அன்பர் மிக நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். அந்தப் பாசுரத்தையும் அதற்கு அடுத்த பாசுரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் முழுப் பொருள் விளங்கும்.

ஆண்டாள் முதலில் வாயால் நேர்ந்து வைக்கிறாள். 'நேர்ந்தேன், சொன்னேன்' என்கிறாளே அன்றி, 'கொடுத்துவிட்டேன்' என்று சொல்லவில்லை. பிறகு, அவர் வந்து இவற்றை ஏற்றுக்கொள்வாரோ என்று கேட்கிறாள். அடுத்த பாசுரத்தில், இன்றே அவர் வந்து இத்தனையும் அமுது செய்தருளப் பெற்றால், ஒன்றுக்கு நூறாயிரமாகக் கொடுத்து, அதற்கு மேலும் அடிமை செய்வேன் என்கிறாள். நூறாயிரம் என்ற பெரும் எண்ணிக்கைக்கு முன்னால் 'அவர் ஏற்றுக்கொண்டால்' என்ற நிபந்தனை நிற்கிறது. கொடுப்பவளின் ஆவல் எவ்வளவு பெரிதானாலும், அளவைத் தீர்மானிப்பது ஏற்பவருடைய திருவுள்ளம். ஆண்டாள் வாயால் நேர்ந்த அந்தக் கடனை, பின்னாளில் இராமாநுசர் அழகர்கோவிலுக்கு வந்து நூறு தடாவும் சமர்ப்பித்து நிறைவேற்றினார் என்றும், அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் அவரை அண்ணனாகவே எதிர்கொண்டாள் என்றும் வைணவர்கள் போற்றுகிறார்கள். நேர்ந்த பொருள் எதுவோ, நேர்ந்த அளவு எவ்வளவோ, அதையே அவர் கொண்டு வந்து வைத்தார். அந்த நூறு தடாவை யாரும் பெருமாள் மீது எறியவில்லை, திருமுன்னே வைத்தார்கள். மிகுதிக்கும் மூர்க்கத்துக்கும் இடையில் உள்ள வேறுபாடு இதுவே என்று நான் நினைக்கிறேன்.

மரபு மாறியதைப் பற்றியும் கேட்டிருந்தார். எங்கள் ஊரின் பெயர் இதில் வருவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சோழவந்தானுக்கு அருகில், வைகைக் கரையில் உள்ள தேனூரில்தான் முன்பு அழகர் ஆற்றில் இறங்கினார். மண்டூகமாக, அதாவது தவளையாகச் சபிக்கப்பட்ட சுதபஸ் முனிவருக்குச் சாப விமோசனம் தரவே அந்த எழுந்தருளல். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர், மாசியில் நடந்துவந்த மீனாட்சியம்மன் திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகரின் பயணத்தையும் மதுரைக்குத் திருப்பி, இரண்டையும் ஒரே பெருவிழாவாக ஆக்கினார். தங்கையின் திருமணத்துக்கு வந்த அண்ணன், திருமணம் முடிந்துவிட்டதை அறிந்து, ஆற்றோடு திரும்பி வண்டியூருக்குப் போய்விடுகிறார் என்ற கதை மக்களிடம் வேரூன்றியது. அப்படிச் சினந்து நிற்கும் அழகரைக் குளிர்விக்கவே தண்ணீர் பீய்ச்சுகிறோம் என்று சொல்வோரும் உண்டு.

இவ்வளவு பெரிய மாற்றம் நடந்தபோதும் தேனூர் கைவிடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வண்டியூருக்கு அருகில் ஆற்றுக்குள் இருக்கும் தேனூர் மண்டபத்தில்தான் இன்றும் கருட வாகனத்தில் எழுந்தருளி மண்டூக முனிவருக்கு விமோசனம் தருகிறார். இடம் மாறியது, உரியவர்களின் உரிமை மாறவில்லை, வழிபாட்டின் கருத்தும் மாறவில்லை. அழகர் வருகிற வழியில் 400-க்கும் மேற்பட்ட மண்டகப்படிகள் இருக்கின்றன. அவற்றில் பல புதிதாகச் சேர்ந்தவை. யாரும் அவற்றை மரபுக்கு எதிரானவை என்று சொல்வதில்லை, ஏனெனில் அவை அழகரை நிறுத்தி, அமரவைத்து, உபசரிக்கின்றன. மோட்டாரை நான் எதிர்ப்பதற்குக் காரணம் அது புதியது என்பதன்று. அது உபசாரமாக இல்லை என்பதே.


வைகைக்கரையான் எழுதியது:

தேனூர்க்காரர் ஐயாவின் விளக்கம் எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. 'ஏற்பவருடைய திருவுள்ளம்' என்பதை நான் முதலில் எழுதியதோடு சேர்த்துக்கொள்கிறேன். கை வலிமை அளவுகோல் என்றேன். அந்தக் கைக்கு எல்லை வகுப்பது சுவாமியின் சுகம்.

செல்லூர் அன்பர் முதலில் எழுப்பிய தூரத்தைப் பற்றிய கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அது மிகவும் நியாயமான கேள்வி. மாலை போட்டு, விரதம் இருந்து, தோல் பையோடு வருகிறவரைத் தடுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, அனுமதிச் சீட்டு உள்ளவர்களை மட்டும் உள்ளே விடுகிற நடைமுறை நீடிக்கும் வரை, மோட்டாருக்கான ஆசை ஒழியாது. தண்ணீர் பீய்ச்சுவதற்கு மரபாகவே பேர்பெற்ற இடம் இராமராயர் மண்டபம். ஆற்றில் இறங்கிய பிறகு அழகர் அங்கே எழுந்தருளும்போதுதான் தீர்த்தவாரி என்று சொல்லி ஆயிரக்கணக்கானோர் பீய்ச்சுகிறார்கள். அங்கே வேடம் பூண்டு வருகிற நேர்த்திக்காரர்களுக்கென்று முன்வரிசையில் இடம் ஒதுக்க வேண்டும். அவர்கள் பையை நிரப்பிக்கொள்ள நல்ல தண்ணீர்த் தொட்டிகளை மண்டபத்தை ஒட்டியே வைக்க வேண்டும். ஆற்றில் இறங்கும் இடத்தில், அதிகாலை இருளில், நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது தண்ணீர் பீய்ச்சுவதைத் தவிர்த்து, அந்த நேரத்தைச் சர்க்கரைச் செம்பு ஏந்துகிற தாய்மார்களுக்கு விட்டுவிடலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

பையின் விலையைப் பற்றி: ஒரு தெருவுக்கோ ஒரு குடும்பத்துக்கோ சில பைகள் இருந்தால் போதும். ஒருவர் பீய்ச்சி முடித்ததும் அடுத்தவர் வாங்கிக்கொள்ளலாம். பழைய குடும்பங்களில் தந்தை பயன்படுத்திய பையை மகன் பயன்படுத்துகிறார். திருவிழா முடிந்ததும் நீரை முழுவதும் வடித்து, வாயைத் திறந்து நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவி வைத்தால் தோல் வெடிக்காது. கூட்டாக வாங்கி வைக்கிற மண்டகப்படிக்காரர்கள் அந்தப் பைகளை நேர்த்திக்காரர்களுக்கு ஒரு நாள் கொடுத்து வாங்கினால், அதுவும் அழகருக்குச் செய்கிற தொண்டுதான்.


புதுமண்டபத்து வாசகர் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. அழகர் வேடத்துக்கான சல்லடமும் தலைப்பாகையும் தைத்துக் கொடுப்பவர்களில் இஸ்லாமியத் தையற்காரர்கள் பலர், தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்து வருகிறார்கள். புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் பங்குனி பிறந்தாலே அந்த வேலை தொடங்கிவிடும். பட்டுத் துணியில் சரிகைக் கரையும் ஜிகினா வேலையும் வைத்துத் தைக்கிற நுட்பம் வேறு எவருக்கும் எளிதில் வருவதில்லை.

தோல் பை செய்கிறவர்கள் அவர்களைவிடக் குறைவு. ஆட்டுத்தோலைக் கிழியாமல் உரிப்பதற்கே தனித் திறமை வேண்டும். பிறகு சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து முடி நீக்கி, ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதப்படுத்த வேண்டும். ஆண்டுக்கு ஒரே ஒரு பருவத்தில் விற்கிற பொருளுக்காக இவ்வளவு உழைக்க அடுத்த தலைமுறை முன்வரவில்லை. தோல் பை மட்டுமே என்று உத்தரவு போட்டால் மட்டும் போதாது. பை செய்கிறவர்களைத் தேடிப் பிடித்து, திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்பே அறநிலையத் துறையோ மண்டகப்படிச் சங்கங்களோ முன்பணம் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சந்தையில் ரெக்சின் பையைத் தோல் பை என்று விற்பார்கள்.


சோலைமலை அடியவன் எழுதியது:

புதுமண்டபத்து வாசகர் சொன்னது மிகவும் முக்கியமானது. இதோடு தண்ணீரின் தூய்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலையில் இருந்து நூபுர கங்கைத் தீர்த்தத்தை எல்லாத் தொட்டிகளுக்கும் கொண்டு வருவது இயலாத செயல். ஆனால் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு செம்பு தீர்த்தத்தைக் கலந்து வைத்தால், அந்த நீரைப் பீய்ச்சுகிறவருக்கும் மன நிறைவு கிடைக்கும். அதில் பன்னீரையோ நிறப்பொடியையோ கலக்கவும் யாருக்கும் மனம் வராது. கோயில் நிர்வாகம் மனம் வைத்தால் எளிதில் முடியக்கூடியது இது.

அழகர்கோவில் தோசைப் பிரசாதத்தை நினைத்துப் பாருங்கள். பக்தர்கள் காணிக்கையாகக் கொண்டு வந்து கொட்டும் நெல்லும் உளுந்தும் கோயில் மடைப்பள்ளியில் தோசையாகி அவர்களுக்கே திரும்பி வருகின்றன. வெளியில் இருந்து வருகிற பொருளைக் கோயில் தன் கையில் வாங்கி, அதற்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்துத் திருப்பித் தருகிறது. தண்ணீருக்கும் அதே வழியைச் செய்யலாம் என்பதே என் எண்ணம்.


செல்லூர் அன்பர் எழுதியது:

எல்லோருடைய கருத்துகளையும் படித்தேன். மோட்டார் வேண்டும் என்று இனி நான் வாதிட மாட்டேன். கைப் பம்பையும் விட்டுவிடச் சொல்லி என் பகுதி இளைஞர்களிடம் பேசுகிறேன். எங்கள் தெருவில் மூன்று நான்கு பேரிடம் விசைத்தெளிப்பான் இருக்கிறது. டேங்கர் வண்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை அணைத்துவிடக் கூடாது. டேங்கரில் நல்ல தண்ணீர் கொண்டு வந்து, வரும் திருவிழாவில் இராமராயர் மண்டபத்துக்கு அருகில் தொட்டிகளை நிரப்புகிற பொறுப்பை அவர்களிடம் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

ஆனால் முன்வரிசை இடம் என்ற கோரிக்கையை நான் விட மாட்டேன். தோல் பை வேண்டும் என்று கேட்கிற நிர்வாகம், தோல் பைக்காரர் சுவாமியைப் பார்க்கிற தூரத்தில் நிற்பதற்கும் வழி செய்ய வேண்டும். மனு எழுதுவதாக இருந்தால் இது முதல் வரியில் இருக்கட்டும்.


தெற்குமாசி வீதிப் பெண் எழுதியது:

செல்லூர் அண்ணனுக்கு நன்றி. மனுவில் எங்களுக்காகவும் ஒரு வரி சேருங்கள்: சர்க்கரைச் செம்பு ஏந்தும் பெண்கள் நிற்பதற்கு, தண்ணீர் பீய்ச்சுகிற இடத்தில் இருந்து விலகி, ஆற்றின் வடகரைப் பக்கம் தனி வரிசை வேண்டும், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் வெளியேற அந்த வரிசையின் பின்னால் வழி விட வேண்டும்.


வைகைக்கரையான் எழுதியது:

இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். முன்வரிசை முதல் வரியிலும், தாய்மார்களின் தனி வரிசை இரண்டாவதாகவும், தொட்டிகளும் தீர்த்தமும் அதன் பின்னும், தோல் பை செய்வோருக்கு முன்பணம் இறுதியிலும் வரும்படி வரைவை எழுதி இந்த வார முடிவுக்குள் இங்கேயே இடுகிறேன். தேனூர்க்காரர் ஐயா மண்டகப்படிகள் தொடர்பான பகுதியைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் தனித்தனியாக அனுப்புவோம். திருவிழா ஏற்பாட்டுக் கூட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே அது அவர்கள் கையில் சேர வேண்டும் என்பதால், திருத்தங்களை விரைவில் தெரிவியுங்கள்.